மிரர் லென்ஸ் பற்றி ஒரு திருத்தமும் ஓர் எச்சரிக்கையும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடந்த ஞாயிறு இணைப்பில் பழைய லென்ஸ்களைப் பற்றி வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். பழைய லென்ஸைப் புதிய கேமராவில் மாட்டிப் பார்க்கும் ஆசை இப்போது பிள்ளைகளிடம் நிறையவே இருக்கிறது. அதற்கு ஒரு முழுப் பக்கம் ஒதுக்கியதற்கு நன்றி. ஆனால் மிரர் லென்ஸுக்கு, அதாவது உள்ளே வளைந்த ஆடிகளை வைத்துத் தொலைவில் உள்ளதைப் பெரிதாகக் காட்டும் லென்ஸுக்கு, ஒதுக்கிய அந்த ஒரு பத்தியைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை. பின்னணியில் வளையம் விழும், படம் வெளுத்துப் போகும், ஒளி நுழையும் திறப்பான அப்பர்ச்சரை மாற்ற முடியாது, எந்த மிரர் லென்ஸுக்கும் ஆட்டோஃபோகஸ் கிடையாது, ஆகவே வாங்க வேண்டாம், யாராவது இலவசமாகக் கொடுத்தால் சூரியனை எடுத்துப் பார்க்கலாம் என்று அந்தப் பத்தி முடிந்துவிட்டது.

அந்தக் கடைசி யோசனையிலிருந்தே தொடங்குகிறேன். அது ஆபத்தானது. மற்றதெல்லாம் பொறுமையாகப் பேசலாம், இது அப்படி இல்லை. 500 மி.மீ. எஃப் 8 மிரர் லென்ஸ் என்றால் குவியத் தொலைவு 500 மி.மீ., ஒளி நுழையும் வாய் அதில் எட்டில் ஒரு பங்கு, ஏறக்குறைய 62 மி.மீ. அகலம். அவ்வளவு அகலத்தில் விழும் வெயிலை அது 5 மி.மீ. கூட இல்லாத ஒரு வட்டமாகச் சுருக்கிவிடும். பூதக்கண்ணாடியால் காகிதத்தைச் சுடுகிற அதே வேலைதான் கேமராவுக்குள் நடக்கிறது. பழைய எஸ்.எல்.ஆர். கேமராவாக இருந்தால் அந்த ஒளி வ்யூஃபைண்டர் வழியாக நேராகக் கண்ணுக்குள் போகும். விழித்திரைக்கு வலி தெரியாது, அதனால் கண் போவதுகூட அந்த நேரத்தில் தெரியாது. உள்ளே ஆடி இல்லாமல் மின்திரையில் படத்தைக் காட்டும் மிரர்லெஸ் கேமராவாக இருந்தால் கண் தப்பலாம், ஷட்டர் திரையும் சென்சாரும் தப்பாது.

இதில் இன்னொரு கண்ணியும் இருக்கிறது. பல மிரர் லென்ஸ்களோடு பின்பக்கம் திருகிப் போடும் சின்ன ஃபில்டர்கள் வரும், அவற்றில் ஒளியைக் குறைக்கும் கறுப்பான என்.டி. ஃபில்டரும் ஒன்று இருக்கும். அதைப் போட்டுக்கொண்டால் சூரியனை எடுக்கலாம் என்று யாருக்கும் தோன்றும். கூடவே கூடாது. அந்த ஃபில்டர் உட்கார்ந்திருப்பது ஒளி சுருங்கிச் சேரும் பாதையில். சூட்டில் அது விரிசல் விடலாம். விடாவிட்டாலும், கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிரை அது தடுக்கும் என்று நம்ப முடியாது. சூரியனுக்கென்றே செய்த ஃபில்டரை லென்ஸின் முன்பக்க வாய் முழுவதும் மூடும்படி போட வேண்டும், வெயில் உள்ளே நுழைவதற்கு முன்பே அது தடுக்கப்பட வேண்டும். சூரிய கிரகணத்துக்கும் இதே விதிதான்.

சரி, இப்போது மற்ற விஷயங்கள்.

நான் ஆஃப்செட் அச்சகத்தில் 26 ஆண்டுகள் பிராசஸ் கேமரா ஆபரேட்டராக இருந்தவன். புகைப்படத்தை ஸ்கிரீன் வைத்துப் புள்ளி புள்ளியாக உடைத்து லித் ஃபிலிமில் எடுத்துக் கொடுப்பது என் வேலை. நாள் முழுக்க இருட்டறை, சிவப்பு விளக்கு, கண்ணில் லூப் என்ற உருப்பெருக்கிக் கண்ணாடி. 1986-ல் அச்சகத்துக்கு வந்து போய்க்கொண்டிருந்த ஒரு புகைப்படக்காரர், இது உதவாது என்று வெறுத்துப்போய் ஒரு டாம்ரான் 500 மி.மீ. எஃப் 8 லென்ஸை என்னிடம் விட்டுவிட்டுப் போனார். அன்றிலிருந்து அது என்னோடுதான் இருக்கிறது. எடை ஏறக்குறைய 600 கிராம். நீளம் ஒரு சாண்கூட இல்லை. அதே 500 மி.மீ. தூரத்துக்கு அந்தக் காலத்தில் சாதாரண டெலிஃபோட்டோ வைத்திருந்தவர்கள் முழங்கை நீளத்துக்கு ஒரு குழாயைச் சுமந்துகொண்டு திரிந்தார்கள்.

இவ்வளவு தூரம் எப்படி இவ்வளவு சின்னக் கட்டைக்குள் அடங்குகிறது? முன் கண்ணாடி வழியாக உள்ளே வரும் ஒளி நேரே பின்னால் போய், நடுவில் ஓட்டை உள்ள ஒரு குழியாடியில் படுகிறது. பட்டுத் திரும்பி முன்னால் வருகிறது. முன் கண்ணாடியின் நடுவில் உள்பக்கமாக இருக்கும் சின்னக் குவியாடியில் பட்டு மறுபடி பின்னால் திரும்பி, அந்த ஓட்டை வழியாகக் கேமராவுக்குள் போகிறது. ஒரே குழாய்க்குள் ஒளி மூன்று நடை நடந்துவிடுகிறது. சின்ன ஆடி குவிந்து இருப்பதால் குவியத் தொலைவு இன்னும் நீள்கிறது. லென்ஸை முன்னாலிருந்து பார்த்தால் நடுவில் தெரியும் கறுப்பு வட்டம் அந்தச் சின்ன ஆடியின் முதுகு. அதைப் பார்த்து லென்ஸ் பழுது என்று நினைத்துத் திருப்பிக் கொடுத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

இந்த அமைப்புக்கு வயது அதிகம். இரண்டு ஆடித் தொலைநோக்கியைக் கேசக்ரேன் என்ற பிரெஞ்சுக்காரரின் பெயரில் 1672-ல் வெளியிட்டார்கள். அதைக் கேமராவுக்குக் கொண்டுவந்தவர்களில் எனக்கு மிகவும் பிடித்தவர் ரஷ்ய விஞ்ஞானி திமித்ரி மக்சுதோவ். போர் நெருங்கியதால் லெனின்கிராடிலிருந்து அவருடைய ஆய்வு நிலையம் 1941-ல் இடம்பெயர்ந்தது. அந்தப் பயணத்தில் அவர் பள்ளிப் பிள்ளைகளுக்கான தொலைநோக்கியைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தார். பிள்ளைகள் கையில் ஆடி தூசியும் கீறலும் படாமல் இருக்க முன்னால் ஒரு கண்ணாடி மூடி போடலாம் என்பது முதல் யோசனை. அப்புறம், அந்த மூடியைத் தட்டையாக விடாமல் கிண்ணம்போல வளைத்தால் ஆடியின் பிழையை அதுவே சரிசெய்துவிடுமே என்று தோன்றியது. அவருடைய அந்த வளைந்த கண்ணாடிதான் பின்னாளில் எம்.டி.ஓ. என்ற சோவியத் லென்ஸ்களாக ஆனது. 500 மி.மீ., 1000 மி.மீ. என்று வந்த அந்தக் கனமான லென்ஸ்களுக்கு 1958 பிரஸ்ஸல்ஸ் உலகப் பொருட்காட்சியில் கிராண்ட் ப்ரீ விருது கிடைத்தது. அதை லென்ஸின் மேலேயே பொறித்து விற்றார்கள். பள்ளிக்கூடத்துக்காக யோசித்த ஒன்றை வாங்கவே வேண்டாம் என்று ஒதுக்குவதைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

ஆட்டோஃபோகஸ் பற்றிய வரியையும் திருத்த வேண்டும். மினோல்டா நிறுவனம் 1989-ல் 500 மி.மீ. எஃப் 8 மிரர் லென்ஸை ஆட்டோஃபோகஸோடு கொண்டுவந்தது. பின்னால் சோனி அதைத் தன் பெயரில் விற்றது. அரிதான லென்ஸ்தான், ஆனால் கிடையவே கிடையாது என்பது சரியில்லை.

அப்பர்ச்சர் விஷயம் உண்மை. உள்ளே இதழ்கள் கிடையாது, எஃப் 8 என்றால் என்றைக்கும் எஃப் 8. நடுவில் மறைப்பு இருப்பதாலும் ஆடிகள் கொஞ்சம் ஒளியைத் தின்றுவிடுவதாலும் சென்சாருக்கு வந்து சேர்வது அதைவிட அரை ஸ்டாப், சிலவற்றில் ஏறக்குறைய ஒரு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் ஒளி பாதியாவது) குறைவாகத்தான் இருக்கும். ஆனால் அப்பர்ச்சர் மாறாததால் வெளிச்சத்தைக் கட்டுப்படுத்த முடியாது என்று ஆகிவிடாது. ஷட்டர் வேகம் இருக்கிறது, ஒளி உணரும் திறனைக் கூட்டிக் குறைக்கும் ஐ.எஸ்.ஓ. இருக்கிறது. கேமராவின் மீட்டர் லென்ஸ் வழியாக வந்த ஒளியையே அளப்பதால் கணக்கும் தானாகச் சரியாகிவிடும்.

இந்த லென்ஸுக்குக் கெட்ட பெயர் எப்படி வந்தது என்பதை நான் பக்கத்தில் இருந்து பார்த்தவன். அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல அனுமதியுங்கள். ஐ.எஸ்.ஓ. 100 ஃபிலிமில் நல்ல வெயிலுக்கு எஃப் 16, நூறில் ஒரு வினாடி என்பது எல்லாரும் அறிந்த கணக்கு. எஃப் 8-க்கு வந்தால் நானூறில் ஒரு வினாடி. 500 மி.மீ. லென்ஸைக் கையில் பிடித்து ஆடாமல் எடுக்கக் குறைந்தது ஐநூறில் ஒரு வினாடி வேண்டும். அதாவது உச்சி வெயிலில்கூடப் போதாது! பறவைகள் சுறுசுறுப்பாக இருக்கும் விடியற்காலையில் கேட்கவே வேண்டாம், அறுபதில் ஒரு வினாடி கிடைத்தால் பெரிது. போதாததற்கு, அன்றைய வ்யூஃபைண்டரின் நடுவில் ஃபோகஸ் பார்க்க இருந்த பிளவு வட்டம் எஃப் 8 லென்ஸை மாட்டினால் ஒரு பாதி கறுத்துப் போய்விடும். எங்கே ஃபோகஸ் என்றே தெரியாமல் வளையத்தைத் திருகி, ஆடிய கையோடு எடுத்து, ஒரு வாரம் கழித்துக் கழுவிப் பார்த்தால் எல்லாம் மங்கல். என்னிடம் லென்ஸை விட்டுப் போனவர் காட்டிய நெகட்டிவ்களை லூப் வைத்துப் பார்த்திருக்கிறேன். ஒரு புள்ளியான வெளிச்சம்கூட ஒரே திசையில் இழுபட்டிருந்தது. அது லென்ஸின் மங்கல் அல்ல, கை ஆட்டம். அவரிடம் சொன்னேன், அவர் கேட்கும் மனநிலையில் இல்லை.

அன்றைக்கு லென்ஸின் தலையில் கட்டிய பழியில் பெரும்பகுதி ஃபிலிமின் வேகத்துக்கும் வ்யூஃபைண்டரின் இருட்டுக்கும் சேர வேண்டியது. இன்றைக்கு அந்த இரண்டும் இல்லை. ஐ.எஸ்.ஓ. 1600, 3200 எல்லாம் சாதாரணம். மிரர்லெஸ் கேமராவின் திரை எஃப் 8-லும் பளிச்சென்று இருக்கிறது, வேண்டிய இடத்தைப் பெரிதாக்கியும் பார்க்கலாம். நான் 26 ஆண்டுகள் லூப்பில் செய்ததை என் பேத்தி ஒரு பட்டனில் செய்கிறாள்.

அவள் கையில் இந்த லென்ஸைக் கொடுத்தது போன வருடம். கேமராவில் பொருந்தும் பின்வளையமான மவுண்ட்டை மட்டும் கழற்றி மாற்றும் வசதி இந்த டாம்ரானில் உண்டு, அதனால் ஓர் அடாப்டர் போதும். மாட்டியதும் ஷட்டர் இயங்கவில்லை. மெனுவுக்குள் போய், லென்ஸ் இல்லாமலும் படம் எடுக்க அனுமதி என்ற இடத்தை மாற்றியதும் சரியாகிவிட்டது. முதல் நாள் 40 படம் எடுத்தாள், நாற்பதிலும் ஆட்டம்.

“தாத்தா, லென்ஸ் கெட்டுப்போச்சு போல, எதுவுமே ஷார்ப்பா இல்ல.”

“கேமராவுல ஸ்டெபிலைசர் எவ்வளவு மி.மீ.ன்னு போட்டிருக்கு பாரும்மா.”

ஸ்டெபிலைசர் என்பது கை ஆட்டத்தை ஈடுகட்டச் சென்சாரை அசைக்கும் வசதி. அதில் 50 என்று இருந்தது. அதற்கு முன்னால் மாட்டியிருந்த லென்ஸுக்கு வைத்தது. பழைய லென்ஸ் தன் குவியத் தொலைவைக் கேமராவுக்குச் சொல்லாது, நாம்தான் 500 என்று கையால் போட வேண்டும். 50 என்று நினைத்துக்கொண்டு கேமரா சென்சாரை அசைத்தால், 500-க்குத் தேவையானதில் பத்தில் ஒரு பங்குதான் ஈடுகட்டும். அதை மாற்றிவிட்டு, ஷட்டரையும் ஆயிரத்தில் ஒரு வினாடிக்கு ஏற்றிய பிறகு அவள் பேசவே இல்லை, எடுத்துக்கொண்டே இருந்தாள்.

ஃபோகஸ் மட்டும் இன்றும் பொறுமை கேட்கும். 10 மீட்டரில் நிற்கும் பறவைக்கு இந்த லென்ஸில் கூர்மையாக இருக்கும் ஆழம் ஒரு சாணுக்கும் குறைவு, 18 செ.மீ. அளவு. 5 மீட்டரில் 5 செ.மீ. கூட இல்லை. கண்ணுக்கு வைத்தால் வால் போய்விடும். நாங்கள் செய்வது இதுதான்: திரையைப் பெரிதாக்கிக் கண்ணின் ஓரத்தைப் பிடித்துக்கொள்வோம். ஃபோகஸ் வளையத்தை மெதுவாகத் திருகி, கூர்மையைத் தாண்டிப் போய், மறுபடி திரும்பி வருவோம். திரும்பும்போது ஒரு கணம் கண்ணில் இருக்கும் ஒளிப்பொட்டு ஊசி முனை ஆகும். அந்த இடத்தில் மூச்சை நிறுத்தி மூன்று நான்கு படம். ஃபோகஸ் வளையம் முடிவிலிக் குறியைத் தாண்டியும் திரும்புவதைப் பார்த்துப் பலர் பழுது என்று நினைக்கிறார்கள். வெயிலிலும் குளிரிலும் குழாயும் ஆடியும் விரிந்து சுருங்கும், அதற்காக விட்ட இடம் அது. ஆகவே நிலவை எடுக்கும்போதுகூட வளையத்தைக் கடைசிவரை திருகி நிறுத்தக் கூடாது, கண்ணால் பார்த்துத்தான் நிறுத்த வேண்டும்.

கட்டுரையாளர் தூரத்தை மட்டும் யோசித்திருக்கிறார். இந்த லென்ஸின் அருமை எனக்குக் கிட்டத்தில்தான் தெரிந்தது. 1.7 மீட்டர் வரை இது ஃபோகஸ் ஆகும், அங்கே பொருளின் உருவம் அதன் உண்மை அளவில் மூன்றில் ஒரு பங்காகச் சென்சாரில் விழும். 500 மி.மீ. லென்ஸுக்கு அது பெரிய விஷயம். ஒரு தட்டான், குச்சி நுனியில். நாம் ஆறடி தள்ளி நிற்பதால் அது பறக்காது. அங்கே ஆழம் அரை சென்டிமீட்டரைச் சற்றுத் தாண்டும், அவ்வளவுதான். நான்கு இறக்கைகளும் கேமராவுக்கு நேர் இணையாக வரும்படி நாம்தான் நகர்ந்து நிற்க வேண்டும். பேத்தி அப்படி எடுத்த ஒரு படத்தைக் கணினித் திரையில் முழு அளவில் பெரிதாக்கினேன். இறக்கையின் நரம்புகள் ஒவ்வொன்றும் சுத்தமான கறுப்புக் கோடு. கட்டம் கட்டமாகப் பிரித்து எண்ணலாம். எந்தக் கோட்டின் ஓரத்திலும் ஊதாவோ பச்சையோ ஒட்டிக்கொண்டிருக்கவில்லை.

நான்கு வண்ண அச்சில் ரிஜிஸ்டர், அதாவது நான்கு நிறப் பதிவும் ஒன்றன்மேல் ஒன்று பொருந்துவது, ஒரு மயிரிழை விலகினாலும் எழுத்தின் ஓரத்தில் சிவப்போ நீலமோ எட்டிப் பார்க்கும். என் கண் வாழ்நாள் முழுக்கத் தேடியது அதைத்தான். பழைய சாதாரண டெலிஃபோட்டோக்களில் கிளைக்கும் வானத்துக்கும் நடுவில் அதே மாதிரி ஊதா ஓரம் தெரியும், ஏனென்றால் கண்ணாடி ஒவ்வொரு நிறத்தையும் ஒவ்வொரு அளவுக்கு வளைக்கிறது. ஆடி அப்படிச் செய்யாது, எல்லா நிறத்தையும் ஒரே இடத்துக்குத்தான் திருப்பும். நிறம் ரிஜிஸ்டரில் நிற்கிற டெலிஃபோட்டோவை இவ்வளவு எளிதாகச் செய்துவிட்டார்களே என்று நான் இன்றும் வியக்கிறேன்.

படம் வெளுத்து வரும் என்கிறார் கட்டுரையாளர். வரும், மறுக்கவில்லை. நடுவில் உள்ள மறைப்பும் உள்ளே சிதறும் ஒளியும் சேர்ந்து கறுப்பைச் சாம்பலாக்கிவிடும். நீளமான ஹூட் (வெயிலை மறைக்கும் முன்குழல்) போட்டு, வெயில் முன் கண்ணாடியில் படாமல் நின்றால் பாதி சரியாகும். மீதியைக் கணினியில் கறுப்பைக் கொஞ்சம் இறக்கிச் சரிசெய்யலாம். இருட்டறையில் கான்ட்ராஸ்ட் குறைந்த நெகட்டிவைப் பார்த்து நாங்கள் பயந்ததில்லை, நிழலில் விவரம் அழியாமல் இருக்கிறதே என்று சந்தோஷம்தான் படுவோம். அடைத்துப்போன கறுப்பைத்தான் ஒன்றும் செய்ய முடியாது.

இனி வளையம். இந்த ஒன்றுதான் உண்மையில் லென்ஸுக்கே சொந்தமானது, இதைப் பற்றித்தான் நான் அதிகம் சொல்ல வேண்டும்.

ஃபோகஸில் இல்லாத ஓர் ஒளிப்புள்ளி, லென்ஸின் வாய் எந்த வடிவமோ அந்த வடிவத்தில் விரியும். சாதாரண லென்ஸில் வாய் முழு வட்டம், ஆகவே வட்டத் தட்டாக விரிகிறது. மிரர் லென்ஸின் வாயில் நடுப்பகுதி மறைந்திருக்கிறது, ஆகவே வளையமாக விரிகிறது. புள்ளி வளையம் ஆகும், மெல்லிய கிளையோ புல்லோ இரட்டைக் கோடாகும். இது எங்கே தொந்தரவு செய்யும் என்பது முழுக்க முழுக்கப் பின்னணியைப் பொறுத்தது. இலைகளின் இடுக்கில் தெரியும் வானம், நீரில் மின்னும் வெயில், பொருளுக்குச் சற்றே பின்னால் கிடக்கும் சுள்ளிகள், இவை மூன்றும் மோசம். நிழலில் கிடக்கும் புதர், தொலைவில் உள்ள மண், மேகம் மூடிய வானம், இவற்றில் வளையம் இருந்தாலும் ஒன்றன்மேல் ஒன்று கரைந்து தெரியாமல் போய்விடும்.

ஒரு காலை. நீரோரத்தில் ஒரு கொக்கு. அதற்குப் பின்னால் சாய்வெயிலில் தண்ணீர் முழுவதும் மினுங்குகிறது. பேத்தி எடுத்த முதல் படத்தில் கொக்கைச் சுற்றி நூற்றுக்கணக்கான வெள்ளி வளையங்கள், வளையல்களைக் கூடையோடு கொட்டிவிட்டது போல. “இதைத்தான் எல்லாரும் மோசம்னு சொல்றாங்களா தாத்தா?” என்று கேட்டாள். ஆமாம் என்றேன். கொஞ்ச நேரம் கழித்து, எழுந்து நான்கைந்து அடி இடதுபக்கம் நகர்ந்து உட்காரச் சொன்னேன். இப்போது கொக்குக்குப் பின்னால் இருந்தது எதிர்க்கரையின் நிழல். அதே கொக்கு, அதே லென்ஸ், அதே அமைப்பு. பின்னணி ஒரே சீரான கரும்பச்சையாக இறங்கிவிட்டது, கொக்கின் கழுத்து வளைவு மட்டும் தனியாக எழுந்து நின்றது. அவள் இரண்டு படங்களையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள். அப்புறம் அவளாகவே மறுபடி பழைய இடத்துக்குப் போனாள். எனக்குப் புரியவில்லை, ஏன் என்று கேட்டேன். “அங்க வளையம் நல்லாத்தான் இருக்கு, ஆனா கொக்கு மேல வராம எடுக்கணும்” என்றாள். இந்த முறை கொஞ்சம் குனிந்து, மினுங்கல் கொக்கின் தலைக்கு மேலே மட்டும் ஒரு பட்டையாக வரும்படி எடுத்தாள். நான் 30 ஆண்டுகளுக்கு மேல் வளையத்தைத் தவிர்த்தே பழகியவன். அதை எங்கே வைக்கலாம் என்று யோசிக்க வேண்டும் என்பதை அன்றைக்கு அவளிடம்தான் கற்றுக்கொண்டேன்.

அந்த வளையத்துக்கு இன்னொரு பயனும் உண்டு. பழைய மிரர் லென்ஸ் வாங்குகிறவர்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டியது இது. இருட்டில் தொலைவில் ஓர் ஒற்றை விளக்கைப் படத்தின் நடுவில் வைத்து, வேண்டுமென்றே ஃபோகஸை விலக்கிப் பாருங்கள். வளையத்தின் உள்வட்டமும் வெளிவட்டமும் ஒரே மையத்தில் இருந்தால் ஆடிகள் நேராக இருக்கின்றன. உள்வட்டம் ஒருபக்கம் ஒதுங்கியிருந்தால் எப்போதோ கீழே விழுந்து ஆடி சாய்ந்திருக்கிறது, வாங்காதீர்கள். படத்தின் ஓரத்தில் வளையம் நசுங்கித் தெரிவது இயல்பு, அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். பிறகு ஒரு டார்ச்சைச் சாய்வாக அடித்து உள்ளே பூஞ்சை நூல் படர்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

பூஞ்சை என்றதும் என் சொந்த அனுபவம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சில வருடங்களுக்கு முன் முன் கண்ணாடியின் உள்பக்கம் லேசாகப் பூஞ்சை தெரிந்ததால், லென்ஸ் பழுது பார்ப்பவர் ஒருவரிடம் கொடுத்தேன். சுத்தமாகத்தான் திரும்பி வந்தது. அன்றிரவு நிலவைப் பார்த்தால் முடிவிலிக் குறியில் ஃபோகஸ் இல்லை, குறியைத் தாண்டித் திருகினால்தான் கூர்மை வருகிறது. அத்தனை வருடமும் அப்படி இருந்ததில்லை. ஆடியை இடம் மாற்றிவிட்டாரோ என்று இரவெல்லாம் தூக்கமில்லை. காலையில் லென்ஸைக் கழற்றிப் பின்பக்கம் விரலால் தடவியபோதுதான் தெரிந்தது, அங்கே இருந்த சின்ன ஃபில்டரைக் காணோம். போய்க் கேட்டேன். அது வெறும் நிறமில்லாத கண்ணாடி, ஒரு வேலையும் செய்யவில்லை, எங்கே வைத்தேன் என்று நினைவில்லை என்றார்.

நிறமில்லாததுதான், ஆனால் வேலை செய்கிற கண்ணாடி. ஒளி கூம்பாகச் சுருங்கி வரும் பாதையில் ஒரு கண்ணாடித் தகடு இருந்தால் ஃபோகஸ் விழும் இடம் கொஞ்சம் பின்னால் தள்ளிப்போகும். அந்தத் தள்ளலையும் சேர்த்துக் கணக்குப் போட்டுத்தான் லென்ஸைச் செய்கிறார்கள். அதனால்தான் வேறு ஃபில்டர் போடாத நேரத்தில் நிறமில்லாததைப் போட்டு வைக்கச் சொல்கிறார்கள். 30.5 மி.மீ. அளவு, பழைய வீடியோ கேமராக்களுக்கும் அதே அளவு ஃபில்டர் உண்டு என்பதால் தேடிப் பிடித்துவிட்டேன். திருகி மாட்டியதும் நிலவு பழைய இடத்துக்கு வந்துவிட்டது. பழைய லென்ஸ் விற்பவர்களும் துடைப்பவர்களும் இதைத் தெரிந்துகொள்ளாததால் எத்தனை லென்ஸ்கள் இப்படிப் பின் கண்ணாடி இல்லாமல் கை மாறிக்கொண்டிருக்கின்றனவோ! உங்கள் கட்டுரை இதை ஒரு வரியில் சொல்லியிருந்தால் எவ்வளவோ பேருக்கு உதவியிருக்கும். உள்ளே இருக்கும் ஆடியை யாரும் துணியால் துடைக்கவும் கூடாது. அதன் மேல் இருக்கும் உலோகப் பூச்சு அவ்வளவு மெல்லியது. கொஞ்சம் தூசி இருந்தால் படத்தில் தெரியாது, விட்டுவிடலாம்.

கானல் அலையைப் பற்றியும் ஒரு வார்த்தை. உச்சி வெயிலில் தொலைவில் உள்ளதை எடுத்துவிட்டு லென்ஸ் மங்கல் என்பவர்கள், அதே இடத்தில் விடியற்காலை எடுத்துப் பார்க்கட்டும். சூடான காற்று நெளிவது எந்த லென்ஸிலும் தெரியும். ஏ.சி. அறையிலிருந்து வெளியே கொண்டுவந்தவுடனும் எடுக்கக் கூடாது. முன் கண்ணாடி வேர்க்கும், ஆடியும் குழாயும் வெளிச் சூட்டுக்குப் பழக அரை மணி நேரமாவது ஆகும்.

ஐயா, இந்த லென்ஸ் எல்லாருக்கும் ஏற்றது என்று நான் சொல்லவில்லை. பறந்து போகும் பறவையை இதில் பிடிப்பது மிகவும் கஷ்டம், அதற்கு இன்றைய ஆட்டோஃபோகஸ் லென்ஸ்தான் சரி. நின்று நிதானமாகப் பார்க்கிறவருக்கு, நாள் முழுக்கத் தோளில் சுமந்து நடக்கிறவருக்கு, எங்கோ ஓர் அலமாரியில் தாத்தாவோ மாமாவோ விட்டுப்போன லென்ஸைக் கண்டெடுத்தவருக்கு, தூக்கிப் போடாதீர்கள் என்று சொல்லத்தான் எழுதுகிறேன்.

இதில் வேறு எதற்கும் இடம் இல்லாவிட்டாலும், சூரியனைப் பற்றிய அந்த யோசனையை மட்டும் வரும் ஞாயிறே, அதே பக்கத்தில், கண்ணில் படும் எழுத்தில் திருத்தி வெளியிடும்படி மிகவும் கேட்டுக்கொள்கிறேன். அந்தப் பக்கத்தை வெட்டி வைத்திருக்கும் பிள்ளைகள் இருப்பார்கள்.

கொக்கின் மூன்று படங்களையும் பேத்தியின் சம்மதத்தோடு இணைத்திருக்கிறேன். வெளியிடுவதானால், தயவுசெய்து மூன்றாவது படத்தின் மேல்பகுதியை வெட்டிவிடாதீர்கள், வளையங்கள் அங்கேதான் இருக்கின்றன.

தங்கள் உண்மையுள்ள,
ஓய்வுபெற்ற பிராசஸ் கேமரா ஆபரேட்டர் ஒருவர்